கறை எங்கே போகிறது?

தூய்மையைப் பற்றிப் பேசும் சமயங்கள், மாசு எப்படி வந்தது என்பதற்கும் எப்படி நீங்கும் என்பதற்கும் விரிவான விடைகளை வைத்திருக்கின்றன. நீங்கிய மாசு எங்கே போகிறது என்ற கேள்வியின்முன் நின்று நிதானித்தவை மிகச் சிலவே. அக்கேள்வி முதற்பார்வைக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கையால் பிரித்தெடுக்க முயன்றவர்கள், அது துணியில் ஏறிய அழுக்காயினும் பிளாஸ்டிக்கில் ஊறிய மையாயினும், அதை ஒதுக்கிவிட்டு வேலையை முடித்ததில்லை.

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள நிலப்பகுதி இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான களம். 24 அடி முழு ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய ஏரிக்குக் கிழக்கே குன்றத்தூர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் இயற்றிய சேக்கிழாரின் ஊர். மேற்கே திருப்பெரும்புதூர், மரபின்படி 1017-இல் இராமானுசர் பிறந்த ஊர். ஒருவர் சைவத்துக்கும் மற்றவர் வைணவத்துக்கும் தூணாக நிற்பவர்கள். இவ்விரு ஊர்களையும் ஒட்டிய நிலத்தில், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் உற்பத்தியைத் தொடங்கியதன் வழியே, பிளாஸ்டிக் வார்ப்பு என்பது அன்றாடத் தொழிலாயிற்று. பம்பர், டேஷ்போர்டு, போன் உறை, உதிரிப்பாகம் அடுக்கும் கிரேட் என எங்கும் பிளாஸ்டிக்கும், அதன் மேல் குறி இட மார்க்கரும் புழங்கும் தொழில்களில், இட்ட குறியைப் பொருளுக்குக் கேடின்றி அழிப்பதும் ஒரு வேலையே. அவ்வேலைக்கான அறிவு வேதியியலைச் சேர்ந்தது, அதன் கேள்விகளோ மிகப் பழையவை.

மை என்பது தனிப்பொருள் அன்று. நிறம் தரும் பொருள், அதைப் பரப்பில் பற்றவைக்கும் பிசின், இரண்டையும் ஏந்திச் செல்லும் கரைப்பான் ஆகியவற்றின் கலவை. நிறம் தருவது சாயமாகவும் இருக்கலாம், நிறமியாகவும் இருக்கலாம்: சாயம் கரைப்பானில் முற்றக் கரைந்து மூலக்கூறு மூலக்கூறாகப் பரவும், நிறமி கரையாமல் நுண்துகளாக மிதந்து வரும். பால்பாயிண்ட் பேனாவின் மை பென்சைல் ஆல்கஹால், பினாக்சி எத்தனால் போன்ற மெதுவாக உலரும் கரைப்பான்களில் ஏறி வருகிறது; அழியா மார்க்கரின் மை விரைந்து ஆவியாகும் ஆல்கஹால்களில் வந்து, அவை பறந்த பின் பிசினோடு படலமாக இறுகுகிறது. ஏற்கும் பரப்பும் ஒரு தன்மையது அன்று. பம்பருக்கும் கிரேட்டுக்கும் பெரிதும் பயன்படும் பாலிபுரொப்பிலீன் எளிதில் எதையும் தன்னோடு ஒட்டவிடாது. அதன் மேல் மை பெரும்பாலும் மேலாகவே நிற்கும், பரப்பில் தோல் போன்ற சொரசொரப்பு அச்சிடப்பட்டிருந்தால் பள்ளங்களில் ஒளிந்துகொள்ளும். மென்மையாக்கப்பட்ட பி.வி.சி.யின் கதை வேறு. அதைத் தோல்போல் வளையச் செய்யும் பொருட்டுச் சேர்க்கப்படும் மென்மையூட்டி என்னும் எண்ணெய் போன்ற பொருள் உள்ளுக்குள் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால், மேலே பட்ட பால்பாயிண்ட் சாயமும் அதனோடு கலந்து உள்ளே இறங்குகிறது. கூர்மையாக எழுதிய கோடு மாதங்கள் செல்லச் செல்ல விளிம்பு கலங்கிப் பரவுவது இதனால்தான். அந்நிலையில் மை பிளாஸ்டிக்கின் மேல் இருக்கிறதா, பிளாஸ்டிக்கில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது அரிது.

மாசுக்கும் அதை ஏற்ற பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதே இந்திய மெய்யியல் மரபுகள் தம்முள் நெடுங்காலம் வாதிட்ட பொருளும் ஆகும். சங்கரர் வழி அத்வைதம் பளிங்கையும் செம்மலரையும் காட்டும். மலருக்கு அருகில் வைத்த பளிங்கு சிவந்து தோன்றினும் சிவப்பு பளிங்கில் ஒருபோதும் ஏறவில்லை. ஆகவே நீக்கவேண்டியது சிவப்பை அன்று, சிவந்தது என்ற தவறான உணர்வை. இராமானுசர் இதை ஏற்பதில்லை. கட்டு உண்மையானது, வினையால் உயிரின் அறிவு உண்மையாகவே சுருங்குகிறது, அச்சுருக்கம் நீங்கும்போது இயல்பான விரிவு வெளிப்படுகிறது என்பது அவர் கொள்கை. ஸ்ரீபாஷ்யத்தின் இறுதிப் பாதத்தில், மணியின் அழுக்கைக் கழுவுவதால் அதன் ஒளி புதிதாகப் பிறப்பதில்லை என்ற பழைய உவமையை அவர் எடுத்தாள்வது இதற்காகவே. இவ்விரண்டிலும் மாசு பொருளின் உள்ளியல்புக்குப் புறம்பானது என்ற நம்பிக்கை அடியில் நிற்கிறது.

சைவ சித்தாந்தம் இந்த ஆறுதலைத் தருவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தாலும் அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியாராலும் வடிவுபெற்ற இத்தத்துவத்தில், உயிரைப் பிணிக்கும் மாசுகள், அதாவது மலங்கள், மூன்று: அறிவை மறைத்துத் தன்முனைப்பை விளைக்கும் ஆணவம், செயலின் பயனாகிய கன்மம், உடலும் உலகும் தோன்றுவதற்கு மூலமாகிய மாயை. இவற்றுள் ஆணவம் இடையில் வந்து ஒட்டியதன்று. உயிர் எப்போது உண்டோ அப்போதே அதனோடு உண்டு. நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் இதற்குச் சொல்லப்படும் உவமைகள். இன்றைய வேதியியல் அறிந்தவர் களிம்பு உவமையைக் கண்டு தயங்குவது இயல்பே, ஏனெனில் களிம்பு காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் செம்பு வினைபுரிவதால் பின்னர் உண்டாவது. ஆனால் தமிழ் உரைமரபு இத்தகைய இடங்களை ஒருபுடை உவமை என்று, அதாவது ஒரு கூற்றில் மட்டும் ஒப்புமை கொள்ளத்தக்கது என்று, வரையறுத்தே வந்திருக்கிறது. புளி போட்டுத் துலக்கிய செம்பு மறுபடி களிம்பேறும் என்பதும், இரசகுளிகை பட்டுப் பொன்னாகிய செம்பில் களிம்புக்கு வேலையில்லை என்ற பழைய இரசவாத நம்பிக்கையும் அவ்வுவமையின் உயிர்நாடி.

களிம்பைவிடக் கூர்மையான உவமை சிவஞானசித்தியாரிலேயே உண்டு. உடலும் கருவிகளும் மாயையின் காரியங்கள் என்றால் அவையும் மலமே. மலத்தால் மலத்தைக் கழுவுவது எப்படிக் கூடும் என்று வினவி, அழுக்குத் துணியில் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றி அவற்றோடு அழுக்கு முழுவதையும் போக்கும் வெளுப்பவரை அருணந்தியார் விடையாகக் காட்டுகிறார். சாணமும் உவரும் துணிக்கு அழகல்ல, கண்டவர் துணி இன்னும் கெட்டது என்றே நினைப்பர். ஆயினும் அழுக்கைப் பற்றி இழுக்கும் ஆற்றல் அவற்றுக்குத்தான் உண்டு. தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் உயிருக்குக் கூட்டப்படுவது இந்த முறையிலேயே என்பது சித்தாந்தத்தின் முடிபு. உலக வாழ்வு தண்டனையும் அன்று, மயக்கமும் அன்று. அது வெளுப்புக்காக ஏற்றிய உவர்.

பிளாஸ்டிக் மேல் காய்ந்த அழியா மார்க்கர் கோட்டின்மேல் வெள்ளைப்பலகை மார்க்கரால் மீண்டும் எழுதி உடனே துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடுவதைப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அறிவர். புதிய மையில் உள்ள ஆல்கஹால் பழைய பிசினை மறுபடி இளக்குகிறது. அதில் சேர்க்கப்பட்டுள்ள எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் இளகியதை மீண்டும் பற்றவிடாமல் தூக்கி நிறுத்துகிறது. கறையைக் கறையால் போக்கும் இம்முறை தந்திரம் போலத் தோன்றினும், ஒத்த இயல்புடையதே ஒத்ததைக் கரைக்கும் என்ற பொதுவிதியின் ஒரு நிகழ்வே அது. டென்மார்க்கில் சார்லஸ் ஹான்சன் 1967-இல் தம் முனைவர் ஆய்வில் இவ்விதிக்கு அளவு கொடுத்தார்: மூலக்கூறுகளைச் சேர்த்து வைக்கும் சிதறல் விசை, மின்முனைவு விசை, ஹைட்ரஜன் பிணைப்பு ஆகிய மூன்றையும் எண்களாக்கினால், அவ்வெண்கள் நெருங்கும் பொருள்கள் ஒன்றையொன்று கரைக்கும், விலகுபவை கரைக்கா. ஆகவே நல்ல நீக்கி என்பது வலிமை மிக்கது அன்று. மைக்கு நெருங்கியதும் பிளாஸ்டிக்குக்குத் தொலைவானதுமாகிய இடைவெளியில் நிற்பது.

ஆபத்து பிறப்பதும் அவ்விடைவெளி குறையும்போதுதான். நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றில் உள்ள அசிட்டோன், அழியா மார்க்கரின் பிசினை நொடியில் கரைக்கும், ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரின் ஆகிய பிளாஸ்டிக்குகளையும் அதே விரைவில் கரைக்கும். போன் உறைக்கும் விளக்குக் கண்ணாடிக்கும் பயன்படும் பாலிகார்பனேட் அசிட்டோன் பட்டால் வெண்மை பூத்துக் கீறல் விடும். பெயிண்ட் தின்னரும் இவற்றுக்குப் பகையே. மென்மையாக்கிய பி.வி.சி.யிலிருந்தோ இத்தகைய கரைப்பான்கள் மையோடு மென்மையூட்டியையும் இழுத்து வந்துவிடுவதால், கறை போன இடம் விறைத்து வெடிக்கும். இவை அனைத்திலும் கறை நீங்குகிறது என்பது மெய்; நீங்கிய பின் எஞ்சுவது பழைய பொருள் அன்று.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாமல் முன்பே உள்ளே இருப்பது. உருகிய பிளாஸ்டிக் குளிர்ந்த அச்சுக்குள் அழுத்திப் பாய்ச்சப்படும்போது, மேற்பகுதி முதலில் இறுகி உட்பகுதி பின்னர் சுருங்குவதால், பொருளுக்குள்ளேயே ஒன்றை ஒன்று இழுக்கும் தகைவு உறைந்து நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் ஒன்றும் நேராமல் இருக்கக்கூடிய அப்பொருளின்மேல் பொருந்தாத கரைப்பான் ஒரு துளி பட்டால், மூலக்கூறுச் சங்கிலிகள் நழுவி, மயிரிழை வெடிப்புகள் தகைவு நின்ற இடங்களில் ஓடுகின்றன. அக்ரிலிக் போன்றவற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கூட இவ்வாறு செய்யக்கூடும். கரைப்பான் வெடிப்பைப் படைக்கவில்லை, இருந்த இறுக்கத்துக்கு வாயில் திறந்தது. கடுமையான நோன்புகளாலும் தன்னொறுப்பாலும் உள்ளத்தைத் தூய்மைசெய்ய விரைந்தவர்கள் உடைந்துபோன கதைகளைச் சமய வரலாறு நிறையவே வைத்திருக்கிறது. அவற்றை நம்பிக்கையின் குறைவு என்று விளக்கிவிடுவது எளிது, சரியன்று.

சித்தாந்தம் விரைவுக்கு மாறாகப் பக்குவத்தைப் பேசுகிறது. மலபரிபாகம் என்பது ஆணவத்தின் மறைக்கும் ஆற்றல் தளர்ந்து நீங்குவதற்கு ஏற்ற நிலையை அடைதல். அப்பக்குவத்துக்கு ஏற்ப இறைவன் அருள் பதிவது சத்திநிபாதம். அருளுக்கு வல்லமை குறைவு என்பதால் அன்று இந்தக் காத்திருப்பு. நோயுற்ற கண்ணின் மேல் முழு வெயிலைப் பாய்ச்சுவது மருத்துவம் ஆகாது என்பதால். பிளாஸ்டிக்கைத் துடைப்பவரின் நல்ல பழக்கமும் இத்தகைய படிமுறையே. பொருளின் அடியில் பொறித்துள்ள பி.பி., ஏ.பி.எஸ்., பி.சி. போன்ற குறியைப் பார்த்து இன்ன பிளாஸ்டிக் என்று அறிதல், முதலில் சோப்புக் கரைசலால் முயன்று பார்த்தல், போதாவிட்டால் தொழிற்கூடங்களில் ஐ.பி.ஏ. என்று வழங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பரப்பில் ஊற்றாமல் துணியில் நனைத்து, கண்ணில் படாத மூலையில் சோதித்த பின், கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்தல், எடுத்தபின் ஈரத்துணியால் மிச்சத்தைத் துடைத்தல் என்று அது செல்லும். ஐ.பி.ஏ. சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது. செம்பரம்பாக்கத்தின் எந்தப் பருவமும் அந்த அளவுக்கு மேற்பட்டதே என்பதால் நெருப்பு நெருங்காத, காற்று ஓடும் இடமும் கையுறையும் வேண்டும். சலவைக்கான பிளீச்சை அதனோடு கலப்பது நச்சுப்பொருள்களை உண்டாக்கும். மெலமின் நுரைத்துண்டால் தேய்ப்பதும் ஒரு வழி என்பர். அது கரைப்பதில்லை, பரப்பையே நுண்ணிதாகச் சுரண்டுவது, பளபளப்பான பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

தேர்தலில் விரலில் இடும் மை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1962 பொதுத் தேர்தல் முதல் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம் தயாரித்துவரும் அம்மையில் உள்ள வெள்ளி நைட்ரேட், ஒளிபட்டுத் தோலின் புறப்படலத்தோடே பிணைந்து கறுக்கிறது. கழுவ முடியாது, அத்தோல் உதிரும்போதுதான் போகும். ஏற்ற பொருளின் ஒரு பகுதியே கழிந்தால் அன்றிக் கழியாத கறைகள் உண்டு என்பதை இது காட்டுகிறது. உயிருக்கு உதிர்க்கத்தக்க தோல் இல்லை என்பதுதான் சித்தாந்தத்தின் இடர்ப்பாடு.

அந்த இடர்ப்பாட்டுக்கு அது தரும் விடை வியப்பானது. உள்ளது இல்லாததாகாது என்ற சற்காரிய வாதத்தை ஏற்ற சித்தாந்தத்துக்கு, அநாதியான ஆணவம் முற்றும் அழிந்தது என்று சொல்ல வழியில்லை. ஆகவே வீடுபேற்றிலும் ஆணவம் இருக்கும், அதன் சத்தி மட்டும் ஒடுங்கிக் கிடக்கும் என்கிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவத்தை, ஒளியின் முன் அடங்கும் இருளாகவே வைத்து ஆராய்வது இதற்குத் துணைசெய்யும். மாற்றுச் சமயத்தார் இதைச் சொற்சாமர்த்தியம் என்று எண்ணக்கூடும். ஆனால் பி.வி.சி.க்குள் ஊறிவிட்ட சாயத்தை எடுக்க வழியில்லாதபோது கையாளப்படும் முறை இதுவே: முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடைக் கறைமேல் தடவி நாள்கணக்கில் வெயிலில் வைப்பார்கள். சாய மூலக்கூற்றில் ஒளியை உறிஞ்சி நிறம் காட்டும் இரட்டைப் பிணைப்புத் தொடர் ஒன்று உண்டு. பெராக்சைடு அத்தொடரை ஆக்சிஜனேற்றத்தால் துண்டிக்கிறது. சாயத்தின் துண்டுகள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கிடக்கின்றன, நிறம் செய்யும் வல்லமைதான் அவற்றுக்கு இல்லை. கரிநிறமி கொண்ட கறுப்பு மையிடம் இம்முறை செல்லாது. வண்ணப் பிளாஸ்டிக்கின் சொந்த நிறமும் வெளுத்துவிடக்கூடும். ஓர் உவமை கொள்கையை மெய்ப்பிக்காது என்பது உண்மையே. கொள்கை சொல்வது நடவாதது அன்று என்று காட்டுவதே உவமையால் ஆவது.

மாசைப் போக்குபவரைப் பற்றியும் சமயம் சொல்லியாக வேண்டும். சேக்கிழார் பாடிய அடியார்களுள் திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்தில் அடியவர்களின் துணி வெளுத்தவர். குளிர்காலத்தில் மெலிந்த வறிய தவசியாக, அழுக்கேறிய கந்தையோடு வந்த இறைவன், மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக அவரிடம் உறுதி பெற்றுக்கொண்டான். துணி வெளுத்தாயிற்று, மழை விடவில்லை, பொழுது சாய்ந்தது, சொல் தவறிய துயரில் அவர் தலையைத் துவைக்கும் கல்லில் மோத, கல்லிலிருந்து எழுந்த கை அவரைப் பற்றியது. இக்கதையில் அழுக்கு தொண்டரிடம் இல்லை, இறைவன் உடுத்த கந்தையில் இருக்கிறது. தொண்டரின் பக்தியைச் சொல்லும் உரைகள் பல. இந்த இடத்தில் நின்றவை குறைவு. மாசைத் தொட்டுப் போக்கியவர்களையே மாசுடையோர் என்று ஒதுக்கிவைத்த சமூகம், நீக்கிய அழுக்கை அவர்கள் பிறப்பின்மேல் சாத்தியது. அழுக்கு எங்கே போகிறது என்ற கேள்விக்கு அது தந்த விடைகளுள் மிகக் கொடியது அதுதான். ஆணவம் எல்லா உயிர்க்கும் அநாதியிலேயே பொது என்று நிறுவிய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு பிறப்பால் தூய்மை பேசியவர்களுக்கு, அந்நூல்களில் இடம் இல்லை.

தேவர்கள் கடல் கடைந்தபோது எழுந்த நஞ்சை அழிக்கவும் செய்யாமல், பிறர்மேல் தள்ளவும் செய்யாமல், மிடற்றில் நிறுத்திக் கறைக்கண்டன் என்று பெயர்பெற்றவனே சைவத்தின் முதல்வன். போக்க முடியாததை ஏற்று அடக்கிவைத்தல் இறைமையின் அடையாளமாகவே ஆயிற்று. இன்றைய சட்டம் அக்கடமையை மனிதருக்கு வைத்திருக்கிறது: 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், மாசுபட்ட துடைப்புத் துணியையும் அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்த்துள்ளன. இத்தகைய கழிவுகளை ஏற்கும் மையம் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் இயங்குகிறது; அத்தகைய இடங்களில் எரிக்கத்தக்கவை எரிக்கப்பட, மற்றவை நீர் ஊடுருவாத அடித்தளம் இட்ட குழிகளில் அடைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்படுகின்றன.

வீடுகளுக்கு அவ்விதிகளின் பிடி எட்டுவதில்லை. ஒரு பேனாக்கோட்டைப் போக்கிய பஞ்சு குப்பைக்கூடையிலும், அலசிய நீர் சாக்கடையிலும் சேர்கின்றன. சாக்கடை சேருமிடம் ஏரியாகவும் இருக்கக்கூடும். செம்பரம்பாக்கத்தில் 2007-இல் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சென்னையின் குடிநீராக்கும் திறனுடையது. வண்டலை வடிப்பதும் கிருமியைக் கொல்வதும் அதன் முதன்மை வேலை. கரைந்து வரும் சாயத்துக்கும் கரைப்பானுக்கும் அது அமைக்கப்படவில்லை. மாசு அழியாது என்று கொண்ட தத்துவத்தின்படி பார்த்தால், கறை பட்ட பிளாஸ்டிக்கின் முன் நிற்பவர் தீர்க்கவேண்டிய முதற்பொருள், அந்தக் கறை போகத்தான் வேண்டுமா என்பது.